விளக்கு வைத்தபின் பூனைக்கு வெளியே வேலையில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுப் பூனையை இரவில் உள்ளே அடைத்து வைப்பது அந்த வாயில்லாச் சீவனுக்குச் செய்யும் கொடுமை என்றும், இருட்டில் திரிந்து எலி பிடிப்பதற்காகவே பூனை படைக்கப்பட்டிருக்கிறது என்றும், நம் தாத்தாவும் ஆயாவும் பூனைக்குக் கதவடைத்ததே இல்லை என்றும் தங்கள் இதழின் வாசகர் பகுதியில் அண்மையில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். அவருடைய பூனைப் பாசத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் காட்டிய மூன்று காரணங்களில் ஒன்றுகூட இன்றைய டர்பனுக்கும், குறிப்பாகச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் போன்று வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கும் நம் குடியிருப்புகளுக்கும் பொருந்தாது என்று நினைக்கிறேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில், நான் கேட்பது என்ன என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். பூனையை ஆயுள் முழுதும் நான்கு சுவருக்குள் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சிலும் நியாயம் உண்டு. பகலில் அது வாசற்படியில் வெயில் காயட்டும், மதில்மேல் ஏறி உட்காரட்டும், மாமரத்தடியில் புரளட்டும். சாமி விளக்கு ஏற்றும் நேரத்துக்கு உள்ளே வந்துவிட்டு, மறுநாள் நன்றாக வெளுத்தபின் வெளியே போகட்டும் என்பதே என் வாதம். ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிற ஊர் இது. டிசம்பரில் ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆகையால் கடிகாரத்தைப் பார்ப்பதைவிட விளக்கைக் கணக்கு வைத்துக்கொள்வது எளிது.

இயல்பைப் பற்றிய வாதத்தை எடுத்துக்கொள்வோம். பூனை இரவு முழுதும் விழித்திருக்கும் பிராணி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பாதிதான் சரி. அந்தி மயங்கும் வேளையிலும் விடிவதற்கு முந்தைய வேளையிலுமே அது மிகுந்த சுறுசுறுப்போடு இருக்கும். நமக்குப் பார்க்கத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அதற்குப் போதும் என்பதால், நமக்குக் கண் தெரியாமல் போகிற அந்த நேரம்தான் அதற்கு வேட்டைக்கு வாகான நேரம். மற்றபடி நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேரம் உறங்கிக் கழிக்கும் பிராணி அது. நள்ளிரவில் அது எங்கே படுத்திருந்தாலும் பெரும்பாலும் உறங்கத்தான் போகிறது; அந்த உறக்கம் பக்கத்து வீட்டுக் கார் எஞ்சினுக்கு அடியில் நடக்க வேண்டுமா, நம் அடுப்படி மூலையில் போட்ட பழைய புடவையின் மேல் நடக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. மேலும், வீட்டில் சோறு கிடைக்கும் நேரத்துக்கு ஏற்பத் தன் பொழுதை மாற்றிக்கொள்வதில் பூனையைப் போலச் சாமர்த்தியசாலி வேறு எதுவும் இல்லை என்பதை, பூனை வளர்த்த எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

இரவில் வெளியே என்ன நடக்கிறது என்பது உரிமையாளருக்குத் தெரிவதே இல்லை. தெரியவரும்போது அது காயமாகத்தான் வந்து நிற்கிறது. கருத்தடை செய்யப்படாத கடுவன்கள் எல்லைக்காகவும் பெட்டைக்காகவும் கடித்துக்கொள்ளும் கடி முதல் நாள் கண்ணுக்கே படாது. கோரைப்பல் மிக மெல்லியதாகையால் அது குத்திய துளை விரைவில் மூடிக்கொள்ளும். பல்லோடு உள்ளே போன கிருமி மட்டும் தோலுக்கடியில் தங்கிவிடும். சில நாள் கழித்துக் கன்னத்திலோ, முன்னங்காலிலோ, வால் தொடங்கும் இடத்திலோ வீக்கம் தெரியும். தொட்டால் சூடாக இருக்கும், பூனை தொடவும் விடாது, தட்டில் வைத்த மீனை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் அலமாரிக்கு அடியில் படுத்துக்கொள்ளும். பிறகு அந்தச் சீழ்க்கட்டி உடைந்து, மயிரெல்லாம் ஒட்டிக்கொண்டு, அறை முழுதும் நாற்றம் எடுக்கும்போதுதான் வீட்டார் மருத்துவரிடம் ஓடுவார்கள். கட்டியைக் கீறிக் கழுவி மருந்து கொடுத்தால் அது ஆறிவிடும். ஆனால் பூனைகளின் நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குலைக்கும் எஃப்.ஐ.வி. என்னும் வைரஸ் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஆழமான கடிகளின் வழியாகவே ஒரு பூனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. (மனிதருக்கு அது தொற்றாது; அந்தப் பயம் வேண்டாம்.)

ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் விடியற்காலையில் போகிறவர்கள் சாலையோரத்தில் என்ன பார்க்கிறார்கள் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் குடியிருப்புகளுக்குப் பின்னால் பள்ளத்தாக்குகளும் புதர்களும் இருக்கின்றன. சாட்ஸ்வொர்த்தில் சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகமே இருக்கிறது. அந்தப் பசுமை நமக்குக் கிடைத்த பேறு என்றே கருதுகிறேன். ஆனால் டர்பன் பகுதியில் பரவலாகக் காணப்படும் மொசாம்பிக் உமிழ் நாகம், வளர்ந்தபின் பெரும்பாலும் இரவில்தான் தவளையும் எலியும் தேடி வெளியே வரும். எதிரியின் கண்ணைக் குறிவைத்து நஞ்சை உமிழ்வது அதன் வழக்கம். எதையும் முகத்தை நீட்டி முகர்ந்து பார்க்கிற பூனைக்கு இதைவிடப் பொருத்தமில்லாத தோழமை வேறு இருக்க முடியாது. பூனை சில சமயம் உயிருள்ள பாம்பையே வாயில் கவ்விக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடுகிறது என்பதையும், இரவில் கதவைத் திறந்து போடுகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி எலி. அன்பரின் கடிதத்தில் வலுவான வாதம் இதுதான், ஏனென்றால் எலித்தொல்லை நம் தெருக்களில் உண்மையான தொல்லை. குப்பை அள்ளுவது தள்ளிப்போகும் வாரங்களில் அது எப்படிப் பெருகுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பூனையை வெளியே விட்டால் எலி ஒழியும் என்பது நாம் ஆசைப்பட்டு நம்புகிற ஒன்று. நியூயார்க் நகரில் ஒரு குப்பை மறுசுழற்சிக் கூடத்தில் குடியிருந்த எலிக்கூட்டத்தை ஆய்வாளர்கள் கேமரா வைத்துக் கவனித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அங்கே திரிந்த பூனைகள் 79 நாள் பதிவுகளில் எலியைப் பிடிக்க முயன்றது மூன்றே முறை. கொன்றது இரண்டே எலிகளை. காரணம் எளிது. நன்கு வளர்ந்த நகரத்துப் பெருச்சாளி 300 கிராமுக்கு மேல் எடை கொண்டது, திருப்பிக் கடிக்கக் கூடியது. அதோடு மல்லுக்கு நிற்பதைவிட, 30 கிராம் சுண்டெலியையோ 15 கிராம் சிட்டையோ பிடிப்பது பூனைக்கு லாபம். பூனையின் வாடை வந்தால் எலிகள் சற்று ஒளிந்து நடமாடுகின்றன. நாம் எலியைக் காணவில்லை என்று மகிழ்கிறோம், அது சுவருக்குப் பின்னால் குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது. குப்பைத்தொட்டிக்கு இறுகிய மூடியும், கழிவுநீர்க் குழாய் ஓட்டைக்குக் கம்பி வலையும், கோழிக்கும் புறாவுக்கும் வாரியிறைத்த தீவனத்தை மாலையில் பெருக்கி எடுப்பதும் செய்கிற வேலையைப் பூனை செய்யாது.

எலிக்காகப் பூனையைக் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கேப் டவுனுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மரியன் தீவு இருக்கிறது. அங்கே வானிலை நிலையத்தில் இருந்தவர்களுக்குச் சுண்டெலி தொல்லை கொடுத்ததால், 1949 வாக்கில் ஐந்து பூனைகளைக் கொண்டுசென்றார்கள். அந்த ஐந்து, 1977-க்குள் 3,400 அளவுக்குப் பெருகின. அவை எலியை நம்பிப் பிழைக்கவில்லை. கடலிலிருந்து இருட்டில் கரைக்கு வந்து மண்வளைகளில் குஞ்சு பொரிக்கும் பெட்ரல் பறவைகளைத் தின்று பிழைத்தன. ஆண்டுக்கு நாலரை லட்சம் பறவைகள் அவற்றுக்கு இரையாயின என்று அன்றைக்குக் கணக்கிட்டார்கள். பிறகு பூனைகளுக்கு மட்டும் வரும் வைரஸ் நோயைப் பரப்பியும், இரவில் விளக்கடித்துச் சுட்டும், பொறி வைத்தும், நஞ்சிட்டும் 1991-இல்தான் கடைசிப் பூனையை அகற்ற முடிந்தது. எந்தச் சுண்டெலிக்காக அவற்றை அழைத்துப் போனார்களோ அந்தச் சுண்டெலி இன்றும் அங்கே இருக்கிறது. கூட்டில் அமர்ந்திருக்கும் ஆல்பட்ராஸ் பறவைகளை உயிரோடு கொறிக்கும் அளவுக்குப் பெருகியிருக்கிறது. இதில் பூனைகளின் குற்றம் ஒன்றுமில்லை. ஆளில்லாத தீவையும் நம் நகரத்தையும் ஒன்றாக வைத்துப் பேசுவது முறையல்ல என்று யாரேனும் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

அப்படியானால் நகரத்துக் கணக்கையே பார்க்கலாம். கேப் டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சிறு கேமராக்களைக் கட்டி ஆராய்ந்து, 2020-இல் வெளியிட்ட கட்டுரையில், அந்த நகரத்துப் பூனைகள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடியே 75 லட்சம் சிற்றுயிர்களைக் கொல்கின்றன என்று மதிப்பிட்டார்கள். சராசரியாக ஒரு பூனைக்கு 90. என்னை மிகவும் யோசிக்க வைத்தது அந்தப் பெரிய எண் அல்ல. கொன்றவற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்தன என்பதும், வீட்டுக்கு வராத இரையில் பல்லி, ஓணான், அரணை போன்றவை மிகுதி என்பதும்தான். “எங்கள் பூனை மாதத்துக்கு ஒரு குருவிகூடப் பிடிப்பதில்லை” என்று நாம் சொல்லும்போது, வாசல் மிதியடியில் கிடந்ததை மட்டும் எண்ணிச் சொல்கிறோம்.

டர்பனில் இது எதைப் பாதிக்கிறது என்பதை ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு பார்த்தாலே போதும். குவாசுலு குட்டைப் பச்சோந்தி என்று ஓர் உயிர் பெரும்பாலும் இந்த மாகாணத்தில்தான் வாழ்கிறது, நம் நாட்டுக்கு வெளியே எங்கும் கிடையாது. நம் வேலியோரச் செம்பருத்தியிலும் உயர்ந்த புல்லிலும்கூட அது இருக்கும், பகலில் இலையோடு இலையாக இருப்பதால் கண்ணுக்குப் படாது. இரவில் அது கிளையின் நுனிக்குப் போய், வாலைச் சுருட்டி, கண்ணை மூடி உறங்கிவிடும். உறங்கும்போது அதன் நிறம் வெளிறிவிடுவதால் கைவிளக்கின் ஒளியில் பளிச்சென்று தெரியும். ஒரு விரல் நீளம்தான் இருக்கும். ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அசையாது. ஓடித் தப்பிக்கத் தெரியாத, முட்டையிடாமல் குட்டியாகவே ஈனுகிற அந்தச் சிறிய உயிருக்கு, நம் வீட்டில் வயிறு நிறையத் தின்றுவிட்டு விளையாட்டுக்குப் புறப்படும் பூனையைவிடப் பெரிய பகை இல்லை. பள்ளிக்கூட மைதானங்களில் வெறுந்தரையிலேயே முட்டையிட்டு, மஞ்சள் நிறப் பெருங்கண்ணோடு இரவெல்லாம் கூவித் திரியும் டிக்கோப் பறவையின் குஞ்சுகளுக்கும் இதே கதிதான்.

உடல்நலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ரேபிஸ் நீண்ட காலமாகவே நாய்களிடையே இருந்துவரும் நோய். பூனைக்கும் அது வரும், பூனையின் கடியால் மனிதருக்கும் வரும். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. நாய்க்கும் பூனைக்கும் ரேபிஸ் தடுப்பூசி போடுவது இந்நாட்டில் சட்டப்படி கட்டாயம். நாய்க்குப் போடுகிறவர்களில் பலர் பூனைக்குப் போடுவதில்லை என்பது என் அனுபவம். பூனையைப் பெட்டியில் அடைத்துத் தூக்கிப்போவது அவ்வளவு பாடு என்பதும் உண்மைதான். இருட்டில் எந்த நாய் எந்தப் பூனையைக் கடித்தது என்று யாரும் பார்க்கப் போவதில்லை. காலையில் காலில் ஒரு காயத்தோடு வரும் பூனையைக் குழந்தைதான் முதலில் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறது.

நஞ்சும் அப்படியே. ஆல்டிகார்ப் என்னும் கொடிய பூச்சிக்கொல்லியைத் தடைசெய்த பிறகும், அதுவும் அதையொத்தவையும் எலிமருந்து என்ற பெயரில் தெருவோரங்களில் விற்கப்படுகின்றன. 2024 அக்டோபரில் சொவெட்டோவின் நலேடி பகுதியில் ஆறு குழந்தைகள் டெர்புஃபாஸ் நஞ்சால் உயிரிழந்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். எலித்தொல்லை தாங்காமல் மக்கள் அதை வாங்கி வைப்பதுதான் அடியில் இருக்கும் காரணம். அந்த நஞ்சைத் தின்று தள்ளாடுகிற எலி, பூனைக்கு எளிதில் கிடைக்கிற எலி. எலிமருந்து வைத்த அண்டை வீட்டார் மேல் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் தங்கள் வீட்டுக்குள்தான் வைத்தார்கள்.

அண்டை வீட்டாரைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலருடைய வீடுகள் ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் வீடுகள். பின்புறத்தில் ஒரு பாத்தி கொத்தமல்லி, ஒரு பாத்தி வெந்தயக்கீரை, ஓரத்தில் கறிவேப்பிலை. கொத்திப் பதப்படுத்திய மெத்தென்ற மண்ணைக் கண்டால் பூனை அதைத் தனக்காகவே தயார் செய்ததாக எண்ணிக்கொள்கிறது. காலையில் கீரை பறிக்க வருகிற அக்கா விரலை எதில் வைக்கிறார் என்பது பூனைக்குச் சொந்தக்காரருக்குத் தெரியாது. பூனையின் மலத்தில் வெளிப்படும் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி கருவுற்ற பெண்ணின் வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கு செய்யக்கூடியது. அது மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். இதைக் கேட்டதும் சிலர், “அப்படியானால் பூனையை வீட்டுக்குள் வைப்பது இன்னும் ஆபத்தல்லவா?” என்பார்கள். மலத்தோடு வெளியே வந்த ஒட்டுண்ணி தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். வீட்டில் மணல் தட்டு வைத்து அதை நாள்தோறும் அள்ளிக் கொட்டிவிட்டால், அதற்குக் காலமே கிடைக்காது. கருவுற்றிருப்பவர் அந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும். எவரும் அள்ளாத இடம் அடுத்த வீட்டுக் கீரைப்பாத்திதான்.

நம் சமூகத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. புரட்டாசி வந்தால் நம் வீடுகளில் ஒரு மாதம் முழுதும் கவுச்சி நுழையாது. பாத்திரங்களைக்கூடத் தனியாக எடுத்து வைப்போம். மற்ற நாட்களில் டின் மீன் கறியின் மிச்சத்தையும், மீன் தலையையும் தின்று பழகிய பூனைக்கு அந்த மாதத்தில் பருப்புச் சோறும் தயிர்ச் சோறும் கிடைக்கும். பூனை மாமிசம் தின்றே வாழும் உடலமைப்பு கொண்டது. டாரின் என்னும் சத்து இறைச்சியிலிருந்துதான் அதற்குக் கிடைக்கிறது, அது நீண்ட நாள் கிடைக்காமல் போனால் கண்ணும் இதயமும் கெடும். அது நமக்காக நோன்பிருக்காது. இருட்டியதும் மதிலேறிக் குதித்துத் தன் புரட்டாசியைத் தானே முடித்துக்கொள்ளும். இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிச் சத்து மிகுந்த உணவு கொடுக்கப்பட்ட பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 விழுக்காடு குறைந்தது. நாள்தோறும் ஐந்து பத்து நிமிடம் உரிமையாளர் விளையாட்டுக் காட்டிய பூனைகளிடம் 25 விழுக்காடு குறைந்தது. ஆகவே புரட்டாசியிலும் பூனைக்கென்று விற்கும் உலர் தீவனத்தை, வீட்டுப் பாத்திரத்தில் படாமல் தனித்தட்டில், பின்கட்டில் வைத்துக் கொடுப்பதில் எந்தத் தெய்வக்குற்றமும் இல்லை என்பது என் எண்ணம். ஆசாரம் மிகுந்த பெரியம்மாமார் எனக்கு மறுப்பெழுதினால் அதையும் படிக்கக் காத்திருக்கிறேன்.

உள்ளே வைப்பதில் நடைமுறைத் தொல்லைகள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சனவரி, பிப்ரவரி மாதப் புழுக்கத்தில் சன்னலை அடைத்துவிட்டு உறங்க முடியாது. நம் சன்னல்களில் இருக்கும் பர்க்லர் கார்ட் கம்பிகள் திருடனைத் தடுக்கும், பூனையைத் தடுக்காது. தலை நுழைந்தால் அது உடம்பையும் நுழைத்துவிடும். இரும்புக் கடைகளில் கிடைக்கும் மெல்லிய கம்பி வலையை அளவுக்கு வெட்டி, அந்தக் கம்பிகளில் கட்டுக்கம்பியால் முடுக்கிவிட்டால், காற்றும் வரும், பூனையும் போகாது, கொசுவலை என்று வைத்தால் கொசுவும் வராது. எல்லாச் சன்னலுக்கும் முடியாவிட்டால் ஓர் அறைக்கு மட்டும் செய்து, பூனையை அந்த அறையில் விடலாம். மணல் தட்டுக்குக் கடைச் சரக்கு விலை கட்டாது என்பவர்கள் ஆற்றுமணலைச் சல்லடையில் சலித்துப் போட்டுக்கொள்கிறார்கள். அள்ளுவதில் சோம்பல் படாமல் இருந்தால் அதுவே போதும்.

சட்டம் போட்டு இதைச் செய்யலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியத் தலைநகர் வட்டாரத்தில் 2022 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பூனைகளை உரிமையாளரின் இடத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஜெர்மனியின் வால்டோர்ஃப் ஊரில் கொண்டை வானம்பாடி குஞ்சு பொரிக்கும் காலத்தில் பூனைகளை வெளியே விடக்கூடாது என்று 2022-இல் ஆணையிட்டார்கள். நம் ஊரில் இப்படி ஒரு விதி வருவதை நான் விரும்பவில்லை. வேகமாகக் கார் ஓட்டுபவரையே பிடிக்க ஆளில்லாத இடத்தில் மதில் தாண்டும் பூனையை யார் பிடிக்கப் போகிறார்கள்? தண்டம் விதித்தால், ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துத் தெருப் பூனைகளுக்குச் சோறு வைக்கும் வயதானவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். பூனையைத் தங்களுடையது இல்லை என்று சொல்லிக் கைவிடுகிறவர்களும் பெருகுவார்கள். அதைவிட, பூனைக்குக் கருத்தடை செய்துகொள்ள உதவுவது எவ்வளவோ மேல். பெட்டைக் குட்டி நான்கைந்து மாதத்திலேயே சினையாகிவிடும், ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும் என்பதால், “கொஞ்சம் வளரட்டும்” என்று காத்திருக்கிறவர்கள் வீட்டில் அட்டைப்பெட்டியில் குட்டிகள் வந்து சேர்கின்றன. கருத்தடை செய்த கடுவன் இரவில் அலைவதும் சண்டையிடுவதும் தாமாகவே குறைந்துவிடும். அதை உள்ளே வைப்பதும் எளிதாகிவிடும்.

தீபாவளி இரவில் மட்டுமாவது எல்லாரும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பட்டாசுக்கும் பிராணிகளுக்கும் இடையே ஆண்டுதோறும் நம் நகரில் நடக்கும் சச்சரவில், பிற சமூகத்தார் நம்மேல் வைக்கும் குறையில் பாதி நியாயமானது. அந்த வாரத்திலேயே நவம்பர் 5 அன்று ஆங்கிலேயர் வழக்கப்படி கொளுத்தும் கை ஃபாக்ஸ் நாள் வெடியும் சேர்ந்துகொண்டால் பல நாள் இரவுகள் அமளிதான். வெடிக்கு மிரண்டு ஓடிய பூனை தன் எல்லையைத் தாண்டிவிட்டால் திரும்பும் வழி அதற்குத் தெரியாமல் போகிறது. வெடி தொடங்குவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்திலேயே, உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியும் வைத்துவிட்டால் போதும். கழுத்துப்பட்டை அணிவிப்பதானால் இழுத்தால் தானே கழன்றுவிடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மற்றவை மரக்கிளையில் மாட்டிக் கழுத்தை இறுக்கும்.

கடைசியாக, அன்பர் தம் கடிதத்தில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். பல ஆண்டுகள் வெளியே திரிந்து பழகிய வயதான பூனையைத் திடீரென்று எப்படி உள்ளே வைப்பது என்று கேட்டிருந்தார்; அது நியாயமான கேள்வி. வழி, சோற்றுத்தட்டில்தான் இருக்கிறது. காலையில் வைக்கும் உணவைக் குறைத்து, பெரும்பகுதியை விளக்கு வைக்கும் நேரத்துக்கு மாற்றி, அதையும் வீட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரே விதமாகத் தட்டைத் தட்டி அழைக்க வேண்டும். தொடக்கத்தில் தின்று முடித்ததும் வெளியே விட்டுவிடலாம். நேரத்துக்கு வரும் பழக்கம் ஊறியபின் கதவைச் சாத்தத் தொடங்கலாம். படுக்கப் போகும் முன் ஒரு கயிற்று நுனியை இழுத்துக்காட்டிச் சற்று ஓடவிட்டு, பிறகு கொஞ்சம் தின்னக் கொடுத்தால், தின்றதும் நாக்கால் உடம்பைச் சுத்தம் செய்துகொண்டு உறங்கிவிடும். சாத்திய முதல் சில இரவுகள் அது கதவடியில் நின்று கத்தத்தான் செய்யும். விடியற்காலை மூன்று மணிக்கு மனமிரங்கி ஒருமுறை திறந்துவிட்டால், கத்தினால் கதவு திறக்கும் என்று அது கற்றுக்கொண்டுவிடும், பிறகு அந்தப் பாடத்தை மறக்கடிப்பது கடினம். அந்தச் சில இரவுகளைப் பற்றிச் சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.